‘சாப்பிட்டியா?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

இரவு எட்டரை மணிக்கு அம்மாவிடமிருந்து அழைப்பு வரும். கூலிமில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை. தொழிற்சாலைப் பேருந்து வருவதற்கு முன் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் என்னோடு பேசிவிடுவார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“சாப்டியா கண்ணு?”

“சாப்பிட்டேம்மா.”

பல்கலைக்கழகத்தில் என் முதல் இரண்டு ஆண்டுகளில் நான் அதிகமாகச் சொன்ன பொய் இதுதான். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஒரு மெகி பொட்டலத்தை இரண்டாக உடைத்து, காலையில் பாதி, இரவில் பாதி, விடுதியின் சுடுநீர்க் குழாயில் பிடித்த நீரில் ஊறவைத்துச் சாப்பிட்டிருப்பேன். நடுவில் ஒரு ரொட்டி சானாயும் ஒரு தே ஓவும். வயிற்றில் ஏதோ போயிருக்கிறது. அம்மா கேட்டதற்கு ‘ஆம்’ என்று சொல்ல அது போதும்.

இன்று நான் இறுதியாண்டு மாணவி. இதை இப்போது எழுதக் காரணம், அந்தப் பொய்யைச் சொன்னவள் நான் மட்டும் இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் மாடியில் இருந்த பன்னிரண்டு அறைகளில், மாதக் கடைசியில் முழுச் சாப்பாடு சாப்பிட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தமிழ்ப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், சபாவிலிருந்து வந்த பிள்ளைகள் என்று எல்லோரும் அதில் இருந்தோம். ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு ஆறு வெள்ளி 35 சென்

அந்த இரண்டாம் ஆண்டின் கணக்கு இன்னும் என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. பிடிபிடிஎன் கடனிலிருந்து கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் போக, ஒரு செமஸ்டருக்கு என் கையில் நின்றது 1,500 ரிங்கிட். தம்பிக்கு அந்த ஆண்டு எஸ்பிஎம். அவனுடைய டியூஷனுக்காக 300 ரிங்கிட் வீட்டுக்கு அனுப்பினேன். பேருந்து, அச்சு, இணையம், சோப்பு, மருந்து எல்லாம் சேர்த்து 400. மீதி 800. பாட வாரங்கள், மீள்பார்வை வாரம், தேர்வு வாரங்கள் என்று ஒரு செமஸ்டர் 18 வாரம் ஓடும். அதாவது 126 நாள். 800-ஐ 126-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 6 ரிங்கிட் 35 சென். மூன்று வேளைக்கும் சேர்த்து.

எங்கள் வளாகச் சிற்றுண்டிச்சாலையில் சோறு, ஒரு துண்டு கோழி, ஒரு கரண்டி காய்கறி எடுத்தால் எட்டு வெள்ளி. ஒரு வேளைச் சாப்பாடே ஒரு நாள் கணக்கைத் தாண்டிவிடும். அந்தத் தட்டில் கோழியை விட்டால் ஆறு வெள்ளி. காய்கறியையும் விட்டுக் குழம்பு மட்டும் ஊற்றினால் மூன்றரை வெள்ளி. காசு குறையும்போது தட்டிலிருந்து முதலில் மறைவது உடம்புக்குத் தேவையானதுதான். சோறும் மீயும் மட்டும் கடைசிவரை நிற்கும்.

‘வீட்டுக்கு ஏன் 300 அனுப்பினாய்?’ என்று சிலர் கேட்பார்கள். நம் வீடுகளில் பிள்ளை பல்கலைக்கழகம் போவது ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் வாய்ப்பு அல்ல என்பதை அறிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். கடன் பணம் கையில் வந்ததும் வீட்டின் கூரையும் தம்பியின் புத்தகமும் கண்ணில் வரும். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது அதுவும் கிடையாது. அந்தச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஓர் அம்மாவிடம் ‘சாப்பாட்டுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இரத்தம் கொடுக்கப் போனேன்

ஒரு நாள் வளாகத்தில் இரத்த தான முகாம். எங்கள் மண்டபத்து வாசலில் பெரிய பதாகை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: சேவை மனப்பான்மை இருந்தது உண்மை, இரத்தம் கொடுத்தால் மைலோவும் பிஸ்கட்டும் ஒரு பொட்டலச் சோறும் தருவார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

தாதி என் விரலில் குத்தி ஒரு துளி எடுத்துச் சோதித்தார். பெண்கள் இரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். எனக்கு 10.4. கருவி தவறோ என்று இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார். அதே எண்தான்.

அவர் ஒரு மலாய்ப் பெண்மணி. என் அம்மா வயது இருக்கும். ‘சாப்பிட்டு வந்தாயா?’ என்று அவர் கேட்கவில்லை. “தங்கச்சி, நேற்று என்ன சாப்பிட்டாய்? அதற்கு முந்தின நாள்?” என்று மலாயில் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக ‘சாப்பிட்டேன்’ என்று பழகிய வாய்க்கு, ‘என்ன’ என்ற கேள்விக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. மெகி என்றேன். அதற்கு முன்? மெகி. இரத்தம் எடுக்காமலே ஒரு மைலோ டப்பாவையும் பிஸ்கட்டையும் என் கையில் வைத்து, பல்கலைக்கழக மருந்தகத்திற்குப் போகச் சொன்னார்.

அதுவரை என் களைப்பை நான் சோம்பல் என்று நினைத்திருந்தேன். பிற்பகல் விரிவுரையில் கண் சொருகினால் ‘நேற்று அதிக நேரம் விழித்துவிட்டேன்’ என்பேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். படித்த பக்கத்தையே மூன்று முறை படிப்பேன். ஒரு பாடத்தில் மதிப்பெண் சரிந்தபோது, எனக்குத் திறமை போதவில்லை என்றுகூட முடிவு செய்திருந்தேன். மருத்துவர் சொன்னது எளிமையானது: இரும்புச்சத்துக் குறைவு, புரதக் குறைவு.

நான் விதிவிலக்கு இல்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்கு மேல் போதிய காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை என்பதும் தெரிய வந்தது. சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செபாரோ’ என்று சொல்லிக் கொடுக்கிறது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். அந்தச் சுவரொட்டி எங்கள் சிற்றுண்டிச்சாலையிலும் ஒட்டியிருந்தது. அதன் கீழே அமர்ந்து நான் குழம்பு ஊற்றிய வெறுஞ்சோறு சாப்பிட்டேன்.

இருக்கும் உதவிகள் எங்கே நின்றுவிடுகின்றன?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மறைந்த அமைச்சர் சலாஹுடின் அயூப் 2023 ஜனவரி 31-இல் ‘மெனு ரஹ்மா’ திட்டத்தைத் தொடங்கினார். ஐந்து ரிங்கிட்டுக்குள் ஒரு முழுச் சாப்பாடு. மாணவர்களுக்கான மலிவு மெனு எங்கள் வளாகத்தில் மூன்றரை ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. அது கிடைத்த நாள்களில் எனக்கு உண்மையிலேயே நிம்மதி.

ஆனால் ஒரு நாளைக்கு முப்பது தட்டுதான். பன்னிரண்டரை மணிக்குள் முடிந்துவிடும். ஆய்வுக்கூட வகுப்பு ஒரு மணிக்கு முடிகிறவர்களுக்கு அது சுவரில் இருக்கும் பட்டியல் மட்டுமே. இரவில் இல்லை. சனி, ஞாயிறு இல்லை.

சிற்றுண்டிச்சாலை நடத்துபவரை நாங்கள் ‘மாச்சிக்’ என்று அழைப்போம். ஒரு நாள் அவரிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “கோழிக்கு இருந்த விலைக் கட்டுப்பாடு போய்விட்டது. முட்டைக்கு இருந்த உதவித்தொகையும் போய்விட்டது. கடை வாடகை மாதம் இரண்டாயிரம். நீங்கள் எல்லாம் விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்விட்டாலும் வாடகை போகாது. முப்பது தட்டுக்கு மேல் போட்டால் என் கைக்காசு போகும்” என்றார். அவர் சொன்னது சரிதான். கோழியின் விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பரிலும் முட்டையின் உதவித்தொகை 2025 ஆகஸ்டிலும் முடிவுக்கு வந்தன. மாணவரின் பசிக்கான செலவை, மாணவரைவிடச் சற்றே வசதியான ஒரு சிறு வியாபாரியின் தலையில் வைத்துவிட்டு, ‘திட்டம் நடக்கிறது’ என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்து உணவு வங்கி. 2019 முதல் பொதுப் பல்கலைக்கழகங்களில் ‘ஃபூட் பேங்க் சிஸ்வா’ என்ற பெயரில் இது நடக்கிறது. நல்ல எண்ணம். நான் போன அலமாரியில் இருந்தவை மெகி, பிஸ்கட், டின் மத்தி, மூன்று-இன்-ஒன் காப்பி. எதைச் சாப்பிட்டு இரத்தம் குறைந்ததோ அதுவே அங்கும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. எடுப்பதற்கு முன் பெயர், பதிவு எண், பெற்றோர் வருமானம் எல்லாம் எழுத வேண்டும். அலமாரி இருந்தது மாணவர் விவகாரப் பிரிவின் முகப்பில், எல்லோரும் வரிசையில் நிற்கும் இடத்தில். நான் ஒரே ஒரு முறை போனேன். பின்னால் என் வகுப்புத் தோழன் நின்றான். பிறகு போகவில்லை.

முஸ்லிம் மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் ஸக்காத் நிதி கைகொடுக்கிறது. அது அவர்களுடைய சமய ஏற்பாடு, நன்றாக நடக்கிறது, அதைப் பார்த்து நாம் பொருமத் தேவையில்லை. நம்மிடம் அதற்கு இணையாக என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்வதுதான் முறை. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தபோது எனக்கு ஆர்எம்டி எனப்படும் கூடுதல் உணவுத் திட்டத்தில் சாப்பாடு கிடைத்தது. பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அரசாங்கம் அப்போது ஏற்றுக்கொண்டிருந்தது. அதே பிள்ளை பத்தொன்பது வயதில் பல்கலைக்கழகம் வந்ததும் அந்த உண்மை எப்படி மாறும்?

‘நாங்கள் படிக்கவில்லையா?’

இதைப் பேசினால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, “நாங்கள் எல்லாம் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படித்து முன்னேறவில்லையா?” முன்னேறினீர்கள், உண்மைதான். உங்களோடு படிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுபோனவர்கள் இன்று மேடை ஏறி அதைச் சொல்வதில்லை. மேலும், நீங்கள் பட்ட பசி எங்களுக்கும் வேண்டும் என்று நீங்கள் விரும்புவதாக நான் நம்பவில்லை.

இன்னொன்று, “கையில் விலையுயர்ந்த கைப்பேசி இருக்கிறது, சாப்பிடக் காசில்லையா?” வருகைப் பதிவு முதல் தேர்வு முடிவு வரை கைப்பேசியில்தான் நடக்கிறது. அது இல்லாமல் மாணவராக இருக்க முடியாது. ஒரு முறை வாங்கிய பொருளை வைத்து ஒவ்வொரு நாளின் பசியையும் அளக்கக் கூடாது. சிலர் வீண்செலவு செய்வதை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களைக் காட்டி, மாலையில் மோட்டார் சைக்கிளில் மற்றவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தான் பன்னோடு படுக்கும் மாணவனை மறந்துவிடக் கூடாது. அப்படி ஒருவன் என் வகுப்பிலேயே இருந்தான். இரவெல்லாம் வண்டியில் உணவு மணக்கும். பசி இன்னும் கூடும் என்று சிரித்துக்கொண்டே சொல்வான்.

நான் கேட்பது நான்கு

முதலாவது, தட்டுக்காக வாடகை. பல்கலைக்கழகம் சிற்றுண்டிச்சாலையிடம் வாங்கும் வாடகையில் பாதியை விட்டுக்கொடுக்கட்டும். அதற்கு ஈடாக மலிவுத் தட்டின் எண்ணிக்கையையும் அதில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதட்டும். மாச்சிக்கின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2,000 வாடகையில் 1,000 குறைந்தால், ஒரு தட்டுக்கு ஒரு ரிங்கிட் வீதம் மாதம் 1,000 தட்டுகளுக்கு உதவ முடியும். 22 வேலை நாள் என்றால் நாளொன்றுக்கு 45 தட்டு கூடுதல். ஒரு கடையிலிருந்து மட்டும் இது. பல்கலைக்கழகங்களுக்கும் பணத்தட்டுப்பாடு உண்டு என்பது தெரியும். சிற்றுண்டிச்சாலை வாடகையை வருமானமாகப் பார்ப்பதா, மாணவர் நலனாகப் பார்ப்பதா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தென்கொரியாவில் 2017 முதல் ‘ஆயிரம் வோன் காலை உணவு’ நடக்கிறது. மாணவர் கொடுப்பது 1,000 வோன், நம் பணத்தில் சுமார் மூன்று ரிங்கிட். மீதியை அரசாங்கமும் பல்கலைக்கழகமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அங்கே ‘நீ ஏழையா?’ என்று யாரும் கேட்பதில்லை. மாணவர் அட்டை போதும். பின்லாந்தில் மாணவர் உணவுக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. அந்த உதவித்தொகை வேண்டும் என்றால் உணவகம் சத்துணவு விதிகளைப் பின்பற்ற வேண்டும். விலை, சத்து இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டிருக்கிறார்கள். நம் மலிவுத் திட்டங்களில் விலை மட்டும்தான் பலகையில் தெரிகிறது.

இரண்டாவது, மைகார்ட். 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியர் அனைவருக்கும் ‘சாரா’ உதவியாக 100 ரிங்கிட் மைகார்டில் வந்தது. கடையில் அட்டையைக் காட்டினோம், பொருளை எடுத்தோம். பாரம் இல்லை, வரிசை இல்லை, கூச்சம் இல்லை. ஆனால் விடுதியில் இருக்கும் நான் அந்த நூறில் அரிசியும் முட்டையும் வாங்கி என்ன செய்வேன்? பிஸ்கட்டும் மைலோவும் டின் மத்தியும்தான் வாங்கினேன். அதே அட்டையை வளாகச் சிற்றுண்டிச்சாலையிலும் சமைத்த சாப்பாட்டுக்குப் பயன்படுத்த வழி செய்தால், உதவி தட்டுக்கு வந்து சேரும். பக்கத்தில் நிற்பவருக்கு நான் எந்தக் கணக்கிலிருந்து கட்டுகிறேன் என்பது தெரியவே தெரியாது.

மூன்றாவது, சமையலறை. விடுதி அறையில் ரைஸ் குக்கர் வைத்தால் பறிமுதல். தீ விபத்துப் பயம் நியாயமானதே. அப்படியானால் மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை கொடுங்கள்: இரண்டு மின்னடுப்பு, ஒரு ரைஸ் குக்கர், ஒரு குளிர்சாதனப் பெட்டி. தீபகற்பத்தில் உள்நாட்டு வெள்ளை அரிசி பத்துக் கிலோவுக்கு 26 ரிங்கிட் என்று விலை நிர்ணயம் இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து சமைத்தால் ஆறு வெள்ளியில் ஒரு நாள் ஓடும்; நன்றாகவே ஓடும்.

நான்காவது, நேரம். கடன் பணம் கணக்கில் வந்து சேரும் வரையிலான முதல் வாரங்கள்தான் ஒரு புதிய மாணவருக்கு மிகக் கடினம். புத்தகம், போர்வை, வாளி எல்லாம் வாங்க வேண்டிய நேரத்தில் கையில் பணம் இருக்காது. பதிவு நாளன்றே முதல் நான்கு வாரத்திற்கான உணவுச் சீட்டைக் கொடுத்து, பிறகு கணக்கில் சரிசெய்துகொள்ளலாம்.

நம் வீட்டுப் பொறுப்பு

இனி நம் சமூகத்துக்கு வருகிறேன். அன்னதானத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. தைப்பூசத்தன்று பத்துமலையில் பசியோடு திரும்பியவர் உண்டா? பல கோயில்களில் வெள்ளிக்கிழமை இரவு சோறும் சாம்பாரும் உண்டு. ஆனால் கோயில் ஓரிடம், வளாகம் ஓரிடம். பசி புதன்கிழமையும் வரும்.

மூன்றாம் ஆண்டில் நாங்கள் ஐந்து பெண்கள் ஒரு முயற்சி செய்தோம். வளாகத்திலிருந்து இருபது நிமிட நடையில் ஒரு கோயில். அதன் தலைவர் ஐயாவிடம் போய், ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மடப்பள்ளியைக் கொடுக்க முடியுமா என்று கேட்டோம். “அடுப்பைச் சுத்தமாகத் துடைத்து வைத்தால் போதும்மா” என்றார். பருப்பு, கங்கோங் கீரை, கொண்டைக்கடலை, தெம்பே வறுவல், ஒரு துண்டு எலுமிச்சை. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உடம்பு இரும்புச்சத்தை ஏற்பது குறையும், எலுமிச்சை இருந்தால் கூடும் என்று மருந்தகத்தில் கற்றுக்கொண்டதை அங்கே பயன்படுத்தினேன். செலவைக் கணக்குப் பார்த்தபோது ஒரு தட்டுக்கு 2 ரிங்கிட் 80 சென் வந்தது. முதல் வாரம் பன்னிரண்டு பேர். ஐந்தாவது வாரம் நாற்பது பேர். அதில் பாதிப் பேர் தமிழர் இல்லை.

அது இரண்டு செமஸ்டர் நடந்தது. பிறகு மூவர் பட்டம் பெற்றுப் போனார்கள், எனக்கு இறுதியாண்டு ஆய்வு வந்தது, நின்றுபோனது. இதை வருத்தத்தோடு சொல்கிறேன். ஆனால் மறைக்க மாட்டேன். நல்ல மனம் கொண்ட ஐந்து பேரை நம்பி நடக்கும் எந்தத் திட்டமும் அந்த ஐந்து பேர் போனதும் போய்விடும். அதனால்தான் ஒப்பந்தம், அட்டை, சமையலறை என்று மேலே பேசினேன்.

ஆனாலும் நம்மால் முடிந்தவை இருக்கின்றன. இந்திய மாணவர் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு முறை பெரிய மண்டபத்தில் தீபாவளி இரவு, பொங்கல் இரவு நடத்துகின்றன. நடத்தட்டும், எனக்கும் பிடிக்கும். அந்த வரவு செலவில் பத்தில் ஒரு பங்கை உணவுச் சீட்டாக்கி, சிற்றுண்டிச்சாலையில் முன்பணம் கட்டி வைத்தால் என்ன? தேவைப்படுகிறவர் ஒரு சீட்டை எடுத்துக் கொடுப்பார். பெயர் வேண்டாம், புகைப்படம் வேண்டாம். குறிப்பாகப் புகைப்படம் வேண்டாம். ஒரு பொட்டலச் சோறு வாங்கிவிட்டு ஏழு பேர் நடுவில் நின்று சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வாங்கியவருக்குத்தான் தெரியும்.

பட்டம் பெற்று வேலைக்குப் போன அண்ணன்களே, அக்காக்களே, மாதம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக் காசை நீங்கள் படித்த வளாகத்துக்கு ஒதுக்குங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோயில் நிர்வாகத்தினரே, ஒரு பருவத்தில் ஒரு நாள் அன்னதானத்தை வளாக வாசலுக்குக் கொண்டு வாருங்கள். விரிவுரையாளர்களே, பிற்பகலில் கண் சொருகும் மாணவரைக் கண்டிப்பதற்கு முன், வகுப்பு முடிந்த பிறகு தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்.

எந்தக் கேள்வி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘சாப்பிட்டாயா?’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்றுதான் வரும். அது கேட்பவருக்கு நிம்மதி, சொல்பவருக்கு மானம். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘என்ன சாப்பிட்டாய்?’ என்று கேட்டால்தான் தட்டில் என்ன இருந்தது என்று தெரியும். துணைவேந்தர்களும் அமைச்சும் கேட்க வேண்டியதும் இதுதான். எத்தனை தட்டு விற்றது என்பதோடு, அந்தத் தட்டில் என்ன இருந்தது, அது எத்தனை மணிக்குத் தீர்ந்தது, அதற்குப் பிறகு வந்தவர் என்ன சாப்பிட்டார் என்றும் கேட்கட்டும்.

மருந்தகத்துக்குப் போய் வந்த அன்று இரவு எட்டரை மணிக்கு வழக்கம்போல அழைப்பு வந்தது. வழக்கமான கேள்வி. அன்று மட்டும் என்னால் அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை. எண்ணையும் சொன்னேன், மெகியையும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது. “பணத்தை இனி வீட்டுக்கு அனுப்பாதே. தம்பி டியூஷனை நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

இப்போதும் அழைக்கிறார். கேள்வி மாறிவிட்டது.

“இன்னைக்கு என்னம்மா சாப்பிட்ட?”

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சொல்ல ஒன்றும் இல்லாத நாளில், இல்லை என்றே சொல்கிறேன்.